கூரைமேல் காலிப் பாட்டில்

மர்கிலான்
5 அக்டோபர் 2008

அன்புத் தங்கச்சி ஹுல்கருக்கு,

நலமா, சுகமா, உடம்பு அலுப்பில்லாமல் இருக்கிறாயா? நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற அந்த இஸ்தான்புல் பெரியம்மா எழுந்து நடமாடுகிறார்களா? இங்கே உன் அண்ணி சலோமத் நலம். என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள். உன் மகள் ஷஹ்லோ நலம். நீ போன பிறகு இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். போனில் பேசலாம் என்றால் தபால் ஆபீசில் பின்னால் பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் துணி வியாபாரத்துக்கு அங்கே வந்து போகிற மக்ஸுமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிய மகன் கல்யாணத்துக்கு என் பழைய வண்டியை விற்ற பிறகு, "வெள்ளச்சி சும்மாதானே நிக்கிறா, எடுத்து ஓட்டுங்கண்ணா" என்றாய் அல்லவா. போன திங்கட்கிழமை உன் அந்தக் குட்டி வெள்ளைக் காரை எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வதைவிட மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. முதலில் காலை வைத்தேன், தலை வெளியே நின்றது. தலையை நுழைத்தேன், முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. நான் உட்கார்ந்ததும் வண்டி என் பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்தது பார், சலோமத் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சாவியை ஒரு திருப்பு, உடனே கிளம்பிவிட்டது. என் பழைய வண்டியைக் குளிர்காலத்தில் கிளப்ப எத்தனை கெட்ட வார்த்தை செலவாகும், உனக்குத் தெரியும். இது அப்படியில்லை, கூப்பிட்டால் வருகிற பிள்ளை. ஸ்டியரிங் கஞ்சி கிண்டுவது மாதிரி லேசாகச் சுற்றுகிறது. நம் சந்தில் எதிரே கழுதை வண்டி வந்தாலும் பின்னால் போக வேண்டியதில்லை. ஃபெர்கானா ரோட்டில் லாரி கடந்தால்தான் கொஞ்சம் நடுங்குகிறது. நானும் நடுங்குகிறேன்.

பின் சீட்டில் உன் மகள் மேஸ்திரி மாதிரி உட்கார்ந்துகொள்கிறாள். "மாமா, இந்தத் திருப்பத்துல அம்மா ரெண்டாவது கியர் போடுவாங்க." "மாமா, அம்மா இவ்ளோ சத்தமா ஹாரன் அடிக்க மாட்டாங்க." முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், பதினொரு வயதுக்காரி எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

ஒரு குறை மட்டும். அந்த ரோஜாப்பூ நிற சீட் உறையும் அதன் கொசுவமும் உன் கையாலேயே தைத்ததாமே, ஷஹ்லோ சொன்னாள். மல்யுத்தக்காரன் உட்காருகிற இடமா அது? கழற்றலாமா என்று கேட்டேன். உன் மகள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

உன் அண்ணன்
துர்சுனலி


இஸ்தான்புல்
26 அக்டோபர் 2008

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு ஹுல்கரின் வணக்கங்கள்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்துச் சிரித்ததில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பெரியம்மா உள்ளேயிருந்து "யார் செத்தா?" என்று கேட்டார்கள். சிரிப்பும் அழுகையும் அவர்கள் காதுக்கு ஒன்றுதான்.

கிளட்சை உங்கள் பழைய வண்டியை மிதித்த மாதிரி மிதிக்காதீர்கள். தூங்குகிற குழந்தை பக்கத்தில் கால் வைக்கிற மாதிரி வைத்தால் போதும். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளாதீர்கள், ஷஹ்லோவுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். உறையைக் கழற்றவே கூடாது.

நான் வண்டி ஓட்டக் கற்றபோது தெருவில் என்னவெல்லாம் பேசினார்கள். நீங்களும்தான், கோபிக்க வேண்டாம், ஒரு நாள்கூட என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இப்போது அதே வண்டியில் துர்சுன் பயில்வான் ஊருக்குள் போகிறார் என்று நினைக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. மக்ஸுமாவிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஷஹ்லோவிடம் சொல்லுங்கள், அம்மா நவ்ரோஸ் பண்டிகைக்குள், வசந்தம் பிறக்கும்போது வந்துவிடுவாள் என்று. அவள் காலணி அளவை எழுதி அனுப்பவும். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
ஹுல்கர்


மர்கிலான்
30 நவம்பர் 2008

ஹுல்கர்,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இன்று இல்லை. பெருமை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த அன்றே உன் கடிதத்தை மடித்து உள்பையில் வைத்தேன், பிறகு எடுக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அக்டோபர் நடுவில், நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு வெள்ளச்சியை ஓட்டிப்போக ஆரம்பித்த மூன்றாம் நாள், பௌதிக வாத்தியார் போத்திர் எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்ன பயில்வான், தங்கச்சி காரை எடுத்துட்டு வந்தீங்க, செருப்பையும் போட்டுட்டு வந்தீங்களா?" ஆசிரியர் அறையே சிரித்தது. டீ கொடுக்கிற அம்மாகூடச் சிரித்தாள். பன்னிரண்டு வருஷம் இந்த ஜில்லாவில் என் முதுகை மண்ணில் ஒட்ட வைத்தவன் கிடையாது. அந்தச் சிரிப்பில் ஒட்டிவிட்டது.

அப்போது என் வாயில் வந்ததைக் கேள். "இது நான் ஓட்டுற வண்டி இல்லப்பா. வித்துக் குடுன்னு சொல்லியிருக்கா. ஆள் தேடிட்டு இருக்கேன்."

சொல்லியாகிவிட்டது. சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. மறுநாள் பள்ளிக்கூடத்து மதிலோரம் வண்டியை நிறுத்தினேன். குப்பைத் தொட்டியருகில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. எடுத்துக் கூரைமேல் வைத்தேன். கார் கூரைமேல் பாட்டில் நின்றால் விற்பனைக்கு என்று நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒருத்தன் சிரிக்கவில்லை. "என்ன விலை பயில்வான்?" "டயர் புதுசா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. காலையில் ஷஹ்லோவை அவள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்து பாட்டிலை வைப்பேன், சாயங்காலம் எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஐந்து வாரம் இப்படியே. நாற்பத்தாறு வயதுக்காரன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஷஹ்லோதான் போய்த் திறந்தாள். குவாவிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும், ஒரு பை நிறைய மாதுளையோடு.

"பாப்பா, வெள்ளைக் கார் விக்குதாமே, இந்த வீடுதானே?"

"இல்ல தாத்தா, அது எங்கம்மா காரு. எங்கம்மா வசந்தத்துல வர்றாங்க."

"அப்படியா? பள்ளிக்கூடத்தாண்ட தினமும் பாட்டில் வெச்சு நிக்குதேம்மா. பயில்வான்தான் விக்கிறார்னு சொன்னாங்க."

நான் உள்ளே ரொட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தும் வாசலுக்குப் போகவில்லை. உன் மகள் அழவில்லை, சத்தம் போடவில்லை. வந்தவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்து, நம் வழக்கப்படி மரியாதையாகக் கிண்ணத்தில் பாதி அளவு மட்டும் டீ ஊற்றி, நெஞ்சில் கை வைத்துக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்து உள்ளே பூட்டிக்கொண்டாள். இருட்டும் வரை திறக்கவில்லை. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கெஞ்சினேன், தெருவே பார்த்தது. கடைசியில் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிக் கேட்டாள்: "அம்மா வரமாட்டாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா மாமா?"

உள்ளதைச் சொன்னேன். சின்ன வண்டியில் போக வெட்கமாக இருந்தது, அதனால் பொய் சொன்னேன் என்றேன். அவள் நம்பவில்லை. நம்புவாளா? மாமா பெரிய பயில்வான், ஒரு காருக்கு எதற்கு வெட்கப்படப் போகிறார் என்று நினைத்திருப்பாள். சலோமத் ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. பிள்ளையும் இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வசந்தத்தில் வருகிறேன் என்று உன் கைப்பட அவளுக்கு நாலு வரி எழுது. என் பேச்சு இனி அவளிடம் செல்லாது. உன் எழுத்து செல்லும்.

துர்சுனலி


இஸ்தான்புல்
21 டிசம்பர் 2008

அண்ணா,

நீங்கள் கேட்டபடி ஷஹ்லோவுக்கு எழுதி, ஒட்டி, இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நவ்ரோஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாதிக் கடிதம் படிக்கும்போதே என் முகம்தான் எரிந்தது. ஆகஸ்டிலேயே பெரியம்மாவின் மகளிடம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். அக்டோபரில் உங்களுக்கு 'வந்துவிடுவாள்' என்று எழுதினேனே, அப்போதே எனக்குத் தெரியும். நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னது பொய் இல்லை அண்ணா. நான் இப்போது வரப்போவதில்லை என்ற உண்மையை உங்களுக்குத் தெரியாமலே சொல்லிவிட்டீர்கள்.

ஷஹ்லோ படிப்புக்காக என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளும். நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் அது மட்டும் இல்லை. ஷஹ்லோவின் அப்பா இறந்த பிறகு அங்கே நான் ராத்திரி தூங்கியதே கிடையாது. கடைக்குப் போனால் எங்கே போகிறாய், வண்டி எடுத்தால் யாரைப் பார்க்கப் போகிறாய். இங்கே என்னை யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்து கடலோரம் ஒரு மணி நேரம் நடக்கிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது. பெற்ற பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே நன்றாகத் தூங்குகிறேன் அண்ணா. இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

உள்ளே இருக்கும் கடிதத்தை அவளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். வசந்தம் வந்த பிறகு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

ஹுல்கர்


மர்கிலான்
18 ஜனவரி 2009

ஹுல்கர்,

ஷஹ்லோவுக்கு நீ ஒட்டி அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். ஒரு காலிப் பாட்டிலை வைத்தே நான் இவ்வளவு செய்துவிட்டேன். உன் கையெழுத்தில் ஒரு பொய்யை அந்தப் பிள்ளையின் கையில் வைக்க என்னால் ஆகாது.

கடிதம் வந்த அன்று சலோமத்திடம் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு ரெண்டு பேரும் நிரூபிச்சுட்டீங்க. வெட்கம் வந்தா போதும், பொய்க்குள்ள போய்ப் பதுங்கிக்குவீங்க. பாவம் அந்தக் குழந்தை."

இப்போது பள்ளிக்கூடத்து வாசலிலேயே நிறுத்துகிறேன். போத்திரிடம் நானே போய்ச் சொன்னேன்: "விக்கலப்பா. அன்னிக்கி நீங்க எல்லாம் சிரிச்சதுக்குப் பயந்து பொய் சொன்னேன். இது என் தங்கச்சி காரு, நான்தான் ஓட்டுறேன்." அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு போனான்.

பனி பெய்த ஒரு நாள் ஷஹ்லோவை வற்புறுத்தி ஏற்றிக்கொண்டேன். வழியில் ஓரமாக நிறுத்தி எல்லாம் சொன்னேன். நீ இரண்டு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். அங்கே உனக்குத் தூக்கம் வருகிறது என்பதையும் சொல்லிவிட்டேன். தப்போ சரியோ, மறைக்க எனக்கு இனி தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் இங்க இருந்தா அம்மாவுக்குத் தூக்கம் வராதா மாமா?" என்றாள்.

இல்லம்மா, அப்படி இல்லை என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்போ காரை வித்துடுங்க. பாட்டில் எல்லாம் வேணாம். நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

அதோடு சரி. அதற்குப் பிறகு உன் பேரை எடுக்கவில்லை. மறுநாள் பார்த்தால் சீட் உறைகளைத் தானே கழற்றித் துவைத்து மடித்து உன் பெட்டியில் வைத்துவிட்டாள்.

நான் விற்கவில்லை. விற்கவும் மாட்டேன், நீ சொல்லாமல். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. அது உன் பதில். என் கையில் கொடுத்தனுப்பாதே.

அண்ணன்


இஸ்தான்புல்
22 பிப்ரவரி 2009

அண்ணா,

இந்த முகவரிக்கு இனி எழுத வேண்டாம். மார்ச் ஐந்தாம் தேதியிலிருந்து இங்கே வேறொரு பெண் இருப்பாள்.

பெரியம்மாவின் மகள் நன்றாகத் திட்டினாள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆறாம் தேதி தாஷ்கண்ட் வந்து இறங்குகிறேன். ஏழாம் தேதி சனிக்கிழமை ஷேர் டாக்ஸி பிடித்து மர்கிலான் பஸ் நிலையம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். சந்தோஷமாக வருகிறேன் என்று எழுத மாட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டுதான் வருகிறேன். வந்து எத்தனை நாள் தாங்குவேன், எனக்கே தெரியாது. ஆனால் ஷஹ்லோ கேட்டதற்கு அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவளிடம் கேளுங்கள். வருகிறேன் என்றால் அழைத்து வாருங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், நீங்கள் மட்டும் வாருங்கள். ஒன்றே ஒன்று. பரீட்சை, தலைவலி, தூங்கிவிட்டாள் என்று எனக்காக எதுவும் சொல்லிவிடாதீர்கள். 'வரமாட்டேன்னு சொல்லிட்டா' என்றே சொல்லுங்கள். நான் கேட்டுத் தாங்கிக்கொள்கிறேன்.

ஹுல்கர்