சம்பந்தி வீட்டுத் துறைமுகம்

மார்ச் 3

பழைய துறைமுகப் படங்கள் விற்பவன் சம்பந்தியின் பிறந்தநாளுக்கு வேறு என்ன கொடுப்பான்? ஓய்வு பெறும்வரை அவர் பைலட்டாகக் கப்பல்களை உள்ளே கொண்டுவந்த அதே துறைமுகம். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியது; இருநூறு வருடத்துக்கும் மேல் பழையது. மேல் ஓரத்தில் கோணல்மாணலாக ஏதோ எழுத்து. அச்சுக்கோளாறு என்று அட்டையால் மறைத்துச் சட்டம் போட்டுவிட்டேன்.

"பொண்ணைக் குடுக்கும்போதுகூட நீங்க இவ்வளவு யோசிக்கல" என்கிறாள் மனைவி.

மார்ச் 7

மூக்கறுபட்டு வந்திருக்கிறேன். சம்பந்தி உற்று உற்றுப் பார்த்தார். "கலங்கரை விளக்கம் இந்தப் பக்கம் கிடையாதே! இதை நம்பிப் போனா கப்பல் பாறையிலதான் ஏறும். உங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டான், சம்பந்தி."

அத்தனை பேர் முன்னால்! மகள், "மாமா அப்படித்தாம்பா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். வெச்சுக்குவேனே! கொடுத்த படத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாராவது செய்வார்களா? அந்த வீட்டில் வாழ வேண்டியவள் அவளல்லவா?

மார்ச் 8

மகள் போனை எடுக்கவில்லை. மனைவி எதிரிலேயே இருக்கிறாள், அவளும் பேசவில்லை.

மார்ச் 11

விற்றுத் தொலைக்கலாம் என்று சட்டத்தைப் பிரித்தேன். அந்த எழுத்து கோணல் இல்லை, இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. அலமாரிக் கண்ணாடி முன் பிடித்தேன் — ஊர்ப்பெயர் நேராக வந்தது! கலங்கரை விளக்கமும் எதிர்ப்பக்கம் போய் நின்றது. கண்ணாடி பொருத்திய பெட்டியில் பார்ப்பதற்கென்றே அந்தக் காலத்தில் இப்படி மாற்றி அச்சிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரிந்தவன்தான் அட்டை போட்டு மூடியிருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல!

வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் போகத்தான் வேண்டும்.

மார்ச் 16

சம்பந்தியம்மாவின் ஆளுயரக் கண்ணாடி கூடத்துக்கு வந்துவிட்டது. "நான் எங்க நின்னு தலை வார்றது?" என்று அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

சம்பந்தி என் கையில் படத்தைக் கொடுத்து, தோளைப் பிடித்துக் கண்ணாடி முன் நிறுத்தினார். "இப்ப நீங்க கேப்டன். பைலட் நான் கப்பல்ல ஏறிட்டேன். மெதுவா... விளக்கு வலது கைப் பக்கமே இருக்கட்டும். அங்க பாருங்க பாறை!" உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் காபியை நீட்டினாள். "ஆறிடும்பா."

"இரும்மா" என்றேன், "இன்னும் நங்கூரம் போடல."