மூன்றாவது பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன்

மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று தெரியும், உடம்பு சரியில்லாதவனுக்கு அப்பாவை அப்படி அதட்டத் தெம்பு வராது. நாங்கள் நலமா என்று நீ கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், பொறுமையாகப் படி. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நீயும் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் நீ அனுப்பிய மூன்றாவது பெட்டியோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன். பெட்டியை நாங்கள் பிரிக்கவே இல்லை.

நீ வேலைக்கென்று கிளம்பியபோது என் தையல் மெஷினை நடைக்குத் தள்ளிவிட்டு, ஹாலில் உன் கடல்மீன் தொட்டியை வைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாய். ராப்பகலாக அந்த மோட்டார் உறுமுகிற சத்தத்தில் எனக்குத் தூக்கம் போனது, சுவரெல்லாம் உப்புப் பூத்தது, நான் வாய் திறக்கவில்லை. அப்பா அதில் வளர்ந்த பவளத்தையும் மீன்களையும் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். முதலில் நம் வண்ணமீன் கடைக்காரரிடம் வாங்கிய காகிதப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்து உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் தங்கமீன் வளர்க்கிறவர்களுக்கு, பவளத்துக்கு உதவாது என்று சிரித்துவிட்டு, நீ சொட்டு மருந்துப் பெட்டி அனுப்பினாய். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, நீல நிறம் ரோஸாக மாறுகிற வரைக்கும் சொட்டு விட்டு, எத்தனை சொட்டு என்று உன்னிடம் ஒப்பிக்க வேண்டும். சொட்டு கூடினால் தண்ணீரில் காரத்தன்மை கூடுதல் என்று கணக்காம். தினமும் சாயங்காலம் நீ கூப்பிடுவாய், அவர் ஒப்பிப்பார், பரீட்சை எழுதின பையன் மாதிரி.

அவர் சொன்ன எண் கூடுதலாக இருக்கிறது என்று, பவளத்துக்காகத் தண்ணீரில் போடுகிற காரப் பொடியை நீ குறைக்கச் சொன்னாய். குறைத்தார். மறுபடியும் கூடுதல் என்றார், மறுபடியும் குறைக்கச் சொன்னாய். விரித்த கை மாதிரி இருந்த உன் பச்சைப் பவளம் நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. மருந்து பழசாக இருக்கும் என்று வேறு கம்பெனிப் பெட்டி அனுப்பினாய். அதிலும் அதே கதை. கடைசியில் வண்ணமீன் கடைக்காரர் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, காரம் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, யார் பொடியைக் குறைக்கச் சொன்னது என்று கேட்டார். அன்றைக்கு நீ போனில் பேசின பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஒண்ணு ரெண்டு எண்ணக்கூடத் தெரியலையாப்பா? கவனமே இல்ல உங்களுக்கு" என்றாய். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. அப்பா அந்தக் குழாயைத் திரும்பத் திரும்பக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நீயோ, மனுஷனை நம்பினால் வேலைக்காகாது, பட்டனை அழுத்தினால் எண்ணைக் காட்டுகிற கருவியை அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டாய், அதுதான் இந்த மூன்றாவது பெட்டி.

யாரைப் பார்த்து அப்படிக் கேட்டாய்? அச்சகத்தில் காலமெல்லாம் கலர் பார்த்தே சோறு போட்ட மனுஷன். நாலு மையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சிவப்பு ஒரு பொட்டு ஏறியிருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்று முதலாளியே கூப்பிட்டுக் காட்டுவார். அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். மறுநாள் காலையில் எனக்கு வீம்பு வந்துவிட்டது, அப்படி என்ன பெரிய வித்தை என்று நானே குழாயை எடுத்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். சொட்டு விட்டேன், பளிச்சென்று ரோஸ் ஆனது, நிறுத்தினேன். "ஏன் நிறுத்திட்ட, இன்னும் நீலமாத்தானே இருக்கு, விடு" என்றார். விளையாடுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை.

கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தார் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். கைப் பழக்கத்தில் சமாளித்திருக்கிறார், வேறென்ன. சொட்டை அவர் ஒழுங்காகத்தான் எண்ணினார். நிறம் மாறியது தெரியாததால் விட்டுக்கொண்டே போயிருக்கிறார். உனக்கு எண் தப்பு என்று தெரிந்தது. உடனே மருந்து தப்பு என்றாய், கம்பெனி தப்பு என்றாய், அப்பா கவனம் தப்பு என்றாய். ராத்திரி முழுக்க வீடியோ பார்த்து எந்தக் கருவி நல்லது என்று தேடினாயே, அப்பாவுக்குக் கண் தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை. தொட்டியில் எந்த மீன் சாப்பிடவில்லை என்று கேட்பாய், உன் அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டதே இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் என்று சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இது இரண்டு நாளில் தீருகிற கோபம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அவன்கிட்ட சொல்லிடாத. சொன்னா தொட்டிய யாருக்காவது குடுத்துடச் சொல்லுவான். அப்புறம் எதுக்கு அவன் தினமும் கூப்பிடப் போறான்?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தண்ணீர் கண்ணில் படவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவர் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? அதனால் உன்னைக் கேட்காமல் நானே தொட்டியைக் கொடுத்துவிட்டேன். நேற்று காலையில் வண்ணமீன் கடைக்காரர் வாளிகளோடு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். வெளுத்த பவளம்கூடத் தேறலாம், பார்க்கிறேன் என்றார். உனக்கு வேண்டுமென்றால் ஊருக்கு வந்து அவரிடம் வாங்கிக்கொள். ஹாலில் இப்போது என் தையல் மெஷின் இருக்கிறது.

நேற்று சாயங்காலமும் நீ கூப்பிட்டாய். எடுத்த எடுப்பில் கருவி எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டாய். அப்பா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எட்டரை என்றார். "இப்பத்தாம்ப்பா ஒழுங்கா பார்த்திருக்கீங்க" என்று நீ பாராட்டிவிட்டு வைத்தாய். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நாளைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன், அவனுக்குப் பிடித்த எண்ணாக ஒன்று சொன்னால் போச்சு என்றார்.

நல்லபடியாக இரு, வேலையில் உனக்கு நல்ல பெயர் வரட்டும், அதற்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, மறந்துவிடாதே. அன்றைக்கு எண் சொல்ல அவரால் முடியாது. போனை நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா