அங்கே நன்றாகத்தான் இருந்தேன்

21 ஏப்ரல் 2014, திங்கள்

ஈஸ்டர் பலகாரமே இன்னும் தீரவில்லை, அதற்குள் வீட்டில் பெட்டி கட்டும் பேச்சு. மே மூன்றாம் தேதி விமானம். ஜெர்மனியில் புவியியல் ஆசிரியர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி. பதினாறு வருடமாக உலக வரைபடத்தைக் குச்சி வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நான் போனதெல்லாம் தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே சென்னை. விண்ணப்பத்தில் ‘பழுப்பு நிலக்கரி எடுக்கும் ஊரில் பாடம் நடத்துகிறேன்’ என்று எழுதினேன். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள்.

ஃபெலிக்ஸ் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். (நேரில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டேன். டைரியிடம் என்ன வெட்கம்.) மகள் பிரியா பத்தாம் வகுப்புக்குப் போகிறவள், இரவில் தனியாக இருக்க முடியாது. அதனால் சுரங்கத்தில் கூட வேலை பார்க்கும் சக்கரபாணி அண்ணனோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, நான் இல்லாத மூன்று வாரமும் இவர் பகல் ஷிஃப்ட். நான் வந்த பிறகு அண்ணனுடைய நைட் ஷிஃப்டையெல்லாம் இவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். எத்தனை இரவு! எனக்காக.

இதெல்லாம் தேவையா? பயமாக இருக்கிறது.

4 மே, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். குளிர். கொஞ்சம் அழுதேன். தூக்கம் வருகிறது.

7 மே, புதன்

இன்று பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். பதறி எழுந்தவள், பிறகு உட்கார்ந்துவிட்டேன். கடைசி நிறுத்தம் வரை போனேன். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கடை, நனைந்துகொண்டே போகும் ஒரு நாய், அவ்வளவுதான் ஊர். தூறலில் ஒரு மணி நேரம் நடந்தேன். எங்கள் டவுன்ஷிப்பில் நான் காய் வாங்கப் போனால்கூட “டீச்சர், எங்க கிளம்பிட்டீங்க?” என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. நாற்பது வயதில் முதல் தடவையாக எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அது இவ்வளவு இனிக்கும் என்று யாரும் சொன்னதில்லையே!

10 மே, சனி

சிரிப்பு அடங்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இந்த ஊரில் சங்கு ஊதியது. புத்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்து, விடுதிச் சமையலறைக்கு ஓடி, உலை வைத்து அரிசியைக் கழுவிப் போட்டுவிட்டேன். நம் ஊரில் சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது, இருபது நிமிடத்தில் அவர் வந்துவிடுவார். பதினெட்டு வருடப் பழக்கம், கைகால் தானாக வேலை செய்கிறது. கூடப் படிக்கும் பல்கேரியா டீச்சர் வந்து, “யார் வரப்போகிறார்கள்?” என்று கேட்டாள். அப்போதுதான் விழித்தேன். அது தீயணைப்பு ஒத்திகைச் சங்காம், சனிக்கிழமை தோறும் ஊதுவார்களாம். ஒருவரும் வரப்போவதில்லை என்றேன். இருவரும் பருப்புப்பொடி போட்டு அத்தனை சோற்றையும் தின்று தீர்த்தோம்.

14 மே, புதன்

பெரிய ஏரிக்கு அழைத்துப் போனார்கள். படகுகள், வாத்துகள், கரையில் ஐஸ்கிரீம். “சுரங்கம் எங்கே?” என்று கேட்டேன். “நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதுதான்” என்றார்கள். நிலக்கரி தீர்ந்த குழியில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கரையில் குனிந்து மணலை எடுத்துப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் ‘பனியாறு கொண்டுவந்த படிவுகள்’ என்று ஒற்றை வரியாக இருப்பது என் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

இன்னும் பார்க்க வேண்டும். இன்னும் எத்தனை ஊர் இருக்கிறது!

18 மே, ஞாயிறு

ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

பூசைக்குப் போய்விட்டு, ஏரியைச் சுற்றி நடந்து, ஸ்ட்ராபெர்ரி தின்றுகொண்டே அவருக்குப் போன் செய்தேன். குக்கர் சத்தம் கேட்டது. கையைச் சுட்டுக்கொண்டாராம். “என்னா பண்ணிகினு இருக்க? சாப்டியா? ரொம்பக் கஷ்டமா இருக்கா புஷ்பம்?” என்றார். அந்தக் குரலில் அவ்வளவு கவலை. “ஆமாங்க. எப்படா வூட்டுக்கு வருவோம்னு இருக்கு” என்றேன்.

ஏன் சொன்னேன்? அங்கே ஒரு மனுஷன் எனக்காகக் கையைச் சுட்டுக்கினு நிக்கிறாரு. நான் நல்லா இருக்கேன்னு எப்படிச் சொல்றது?

26 மே, திங்கள்

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். எனக்கு மாலை போடாத குறைதான். அவர் வருகிறவர்களிடமெல்லாம் “பாவம், சோறு தண்ணி இல்லாம மூணு வாரம்” என்கிறார். எதிர் குவார்ட்டர்ஸ் கண்ணகி அக்கா “டீச்சர் இளைச்சிட்டீங்களே!” என்றார். நான் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன்.

பிரியா மட்டும் போட்டோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கஷ்டப்பட்ட போட்டோ ஒண்ணுகூட இல்லியேம்மா?”

“போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னாங்கடி.”

ஒரு மாதிரி பார்த்தாள்.

12 ஜூன், வியாழன்

தொடர்ந்து நைட் ஷிஃப்ட். கண்ணெல்லாம் சிவந்து வருகிறார். காலையில் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இப்போது போய் உண்மையைச் சொல்வதா? வாய் வரவில்லை.

27 ஜனவரி 2015, செவ்வாய்

ஹெச்.எம். தமயந்தி மேடம் கூப்பிட்டார். ஜப்பானில் எரிமலைப் பகுதியில் இரண்டு வாரப் பயிற்சியாம், மே மாதம். என் பெயரையே குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். நெஞ்சு குதித்தது. குதித்து இறங்குவதற்குள் மேடம் சொன்னார்: “கவலைப்படாதீங்க. போன வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தப்ப உங்க சார் சொல்லிட்டார். ‘அவங்கள மறுபடி அனுப்பாதீங்க மேடம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க, உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லக் கூச்சப்படுவாங்க’ன்னார். வர இயலாதுன்னு வெள்ளிக்கிழமை எழுதிடறேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தேங்க்ஸ் மேடம்.” தேங்க்ஸாம்! நுணலும் தன் வாயால் கெடும் என்று தமிழ் டீச்சர் சந்திரகலா பக்கத்து வகுப்பில் கத்தும்போதெல்லாம் நான் என்னவோ வேறு யாருக்கோ சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

28 ஜனவரி, புதன்

சொல்லிவிட்டேன்.

டீ கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். “எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சிருந்துதுங்க. கஷ்டம்னு சொன்னது பொய்.” பேருந்து, தூறல், ஏரி எல்லாவற்றையும் சொன்னேன். பேசப் பேச என் குரல் ஏறுவது எனக்கே கேட்டது. அவர் டீயைத் தொடவில்லை.

“எங்க ஞாபகமே வரலியா?”

“வந்துது. ஆனா அழுவுற மாதிரி வரல.”

டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: “நான் தினமும் ஷிஃப்ட் முடிஞ்சி கோயில்ல மெழுகுவத்தி ஏத்திகினு இருந்தன் புஷ்பம். அவ கஷ்டத்தத் தாங்கச் சக்தி குடு மாதாவேன்னு.” சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என்ன ஜென்மம் நான்? சொல்லாமலே இருந்திருக்கலாமோ? இல்ல. சொல்லாம இருந்ததுதானே இங்க கொண்டுவந்து விட்டுது.

29 ஜனவரி, வியாழன்

பேச்சு இல்லை. குழம்பில் உப்புப் போட மறந்திருக்கிறேன். அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். நாளை வெள்ளி.

30 ஜனவரி, வெள்ளி

காலையில் ஸ்கூட்டரை எடுத்து, “ஏறு” என்றார். பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாமல் வண்டியை ஸ்டாண்டு போட்டார். என்னோடு நடந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நீ நல்லா இருந்தன்னு தெரிஞ்சிருந்தா அந்த நைட்டு ஷிஃப்டெல்லாம் எவ்ளோ லேசாப் போயிருக்கும். அவ கஷ்டப்பட்டது போதாதுன்னு நாமளும் கஷ்டப்படறமேன்னு நெனச்சிகினு போனன்.”

அவருடைய சந்தோஷத்தையும் சேர்த்தல்லவா நான் ஒளித்து வைத்திருந்தேன்!

மேடம் அறையில் அவரே பேசினார். “நான் சொன்னது தப்புங்க மேடம். அவங்க அங்க நல்லாத்தான் இருந்தாங்களாம். எனக்கே முந்தாநாள்தான் தெரியும்.” மேடம் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார்.

மூன்றாவது பீரியடில் எரிமலை நடத்தினேன். இன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் அது இல்லை.

1 பிப்ரவரி, ஞாயிறு

மாதாவே, நன்றி. அவருக்கும், சக்கரபாணி அண்ணனுக்கும். அண்ணன் மறுபடி ஷிஃப்ட் மாற்ற ஒத்துக்கொண்டார்.

13 மே 2015, புதன். ககோஷிமா

விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் எரிமலை புகைகிறது. காலையில் சாம்பல் தூவியது. சனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், காயப்போட்ட துணியை உதறி உள்ளே எடுக்கிறார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

மாலையில் அவருக்குப் போன்.

“எப்படி இருக்க?”

“ரொம்ப நல்லா இருக்கேங்க” என்றேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

“மொதல்லருந்து சொல்லு” என்றார்.

சாம்பலில் தொடங்கினேன். படகு, வெந்நீர் ஊற்று, எனக்கு வழி காட்டுவதற்காகத் தன் ரயிலை விட்டுவிட்ட ஒரு பெண். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்புறம்?”