மூவரில் விழுகிறவன்

கோலியர்ஸ் வுட், லண்டன்
வியாழக்கிழமை

அன்புள்ள யசோதினிக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை லக்‌ஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது. இருபத்து மூன்று வயது மகன் அறை வாசலில் வந்து நின்றான். போட்டு முடித்ததும் சுவரைப் பார்த்தபடி "தாங்ஸ் அம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அவன் அப்பா கடை திறக்கப் போய்விட்டார். உன் மகன் அஷ்வின் பக்கத்து அறையில் நல்ல நித்திரை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சுவிஸில், உங்கள் பேர்னில் இன்னும் பனி கொட்டுகிறதா? நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிறவளுக்கு இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இதைத் தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை கடந்துவிடும். அதற்காகத்தான்.

சனிக்கிழமை என்ன என்று அஷ்வின் உனக்குச் சொல்லியிருப்பான். ஹவுன்ஸ்லோ மண்டபத்தில் எங்கள் பெடியள் மூன்று பேரும் பட்டத்தைத் தோற்கப் போகிறார்கள். யார் வெல்வது என்று ரெஸ்லிங்கில் முதலே பேசிவைப்பார்கள் என்பது இப்போது உனக்கும் எனக்கும் பழகிவிட்டது. போன கிழமை கடையில் இராஜேந்திரன் அண்ணை, "எல்லாம் முதலே பேசி வைச்சதாமே, ஸ்ரீ?" என்று நக்கலாகக் கேட்டாராம். "கலியாணமும் முதலே பேசித்தானே அண்ணை வைக்கிறது. பிறகு நடக்கிற சண்டை பொய்யோ?" என்று லக்‌ஷனின் அப்பா திருப்பிக் கேட்டாராம். கடை முழுவதும் சிரித்ததாம். அவர் சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, வாடிக்கையாளர்களை ஏற்றிப் போக வான் பிடித்திருக்கிறார்.

அந்தப் பட்டத்தின் சரித்திரத்தை நான் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டேன். மெக்சிக்கோவில் மூன்று பேராக மோதுவதுதான் வழக்கமாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் டெறிக், ஹவுன்ஸ்லோவில் இந்த ஆட்டங்களை நடத்துகிற அந்தக் கிழவர், மூவர் பட்டம் ஒன்றைத் தொடங்கினாராம். இடுப்பில் கட்டுகிற மூன்று பெல்ற்றுகள், ஆனால் பட்டம் ஒன்று. மூவரில் யாராவது ஒருவனின் முதுகு தரையில் அழுத்தப்பட்டு நடுவர் மூன்று எண்ணினால் மூன்று பேருமே இழந்துவிடுவார்கள்.

முதலில் வைத்திருந்தவர்கள் வேல்ஸிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள். வீட்டில் போட்ட சண்டையையே மேடையிலும் போட்டார்கள் என்று லக்‌ஷன் சொல்வான். அவர்களிடமிருந்து பிடுங்கியது மூன்று பெண்கள், அதில் ஒருத்தி தாதி. அவர்களுக்குப் பிறகு வந்தவர்களின் காலத்தில் கொரோனா வந்தது. மண்டபம் பூட்டு, பெல்ற்றுகள் டெறிக்கின் கராஜில். ஒரு ஆட்டமும் ஆடாமலே அவர்கள்தான் அதிக காலம் வைத்திருந்தவர்கள் என்று பெயர் எடுத்தார்கள். அந்த இடத்தில் தர்சிகன் எப்போதும், "வீட்டில படுத்திருந்தே சாம்பியன். நான் எயார்போட்டில பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போச்சு" என்பான். லக்‌ஷனுக்கும் அஷ்வினுக்கும் அடுத்து அவன்தான் மூன்றாமவன். ஷிப்ட் முடிந்து உடுப்பும் மாற்றாமல் பயிற்சிக்கு ஓடுகிறவன்.

இந்தக் கதையில் அடுத்ததைச் சொல்லும்போது மட்டும் லக்‌ஷனின் குரல் இறங்கிவிடும். அடுத்து வென்ற மூவரில் ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மற்ற இடங்களில் மாற்றாள் போடுவார்கள். டெறிக் போட மாட்டார். மூன்று பேர் வென்றதை மூன்று பேர்தான் தோற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவர்களின் இணையப் பக்கத்தில் அந்தக் காலத்துக்கு நேரே ஒரு பெயரும் இல்லை, "காலி" என்று மட்டும் இருக்கிறது. தோள் முறிந்தவனோடு மற்ற இரண்டு பேரும் இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளைகள். பயிற்சி முடிந்து மூன்று பேரும் கடைசிப் பஸ்ஸில் நித்திரை தூங்கி விழுந்து வருவார்கள் என்று தங்களுக்கு "நைட் பஸ்" என்று பெயர் வைத்தார்கள். வென்ற அடுத்த நாள் ஆர்ச்வே முருகன் கோயிலில் மூன்று தேங்காய் உடைத்தோம். நீ பேர்னிலிருந்து போனில் பார்த்து அழுதாய். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

யசோ, இனி எழுதப் போவது அஷ்வினுக்குத் தெரியாது. லக்‌ஷனின் அப்பாவுக்கும் தெரியாது.

பயிற்சியில் ஒரு நாள் லக்‌ஷன் பிழையாக விழுந்துவிட்டான். அன்றிலிருந்து இரண்டு கைகளிலும் விரல்கள் மரத்துப்போகின்றன. "அப்பாவுக்குச் சொல்லாமல் வாங்கோ" என்று என்னை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கான் எடுத்தார்கள். கழுத்தில் ஒரு தட்டு விலகி முள்ளந்தண்டு நரம்பை அழுத்துகிறதாம். அந்த டொக்டர் பெண்பிள்ளை ஒளிக்காமல் சொன்னாள். ஒப்பரேசன் செய்ய வேண்டும், விரல்கள் பழையபடி வருமா என்று வாக்குத் தர ஏலாது, இன்னொரு தரம் அப்படி விழுந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாமல் போகலாம் என்றாள். லக்‌ஷன் ஒப்பரேசனை அடுத்த மாதம் வைக்கலாமா என்று கேட்டான்.

மற்றவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிப் பயிற்சிக்குப் போகாமல் இருக்கிறான். சனிக்கிழமை மட்டும் போவானாம். ஏன் என்று கேட்டேன். "அம்மா, பட்டம் வைச்சிருக்கிறவன் மேடையில விழுந்து, அடுத்தவனிட்டக் குடுத்திட்டுத்தான் போகவேணும். அதுதான் மரியாதை. காலி எண்டு போட விடேலாது" என்றான். ஜப்பானிலிருந்து ஒரு கம்பனிக்காரர் பார்க்க வருகிறார்கள், மூன்று பேரையும் ஆறு மாதத்துக்குக் கேட்கிறார்கள், தன்னால் போக முடியாவிட்டாலும் அவர்கள் இரண்டு பேரும் போகட்டும் என்றான். வெல்வதற்காகக் கழுத்தை முறித்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் பிள்ளை ஒழுங்காகத் தோற்பதற்காக முறித்துக்கொள்ளப் பார்க்கிறான்.

விழப் போகிறவனும் அவன்தான். எப்போதும் அவன்தான். பாரம் குறைந்தவன், உயரத்திலிருந்து அழகாக விழுவான். இந்த முறை எதிர்ப்பக்கத்து மூன்று பேரும் சேர்ந்து அவனை மேல் கயிற்றிலிருந்து தூக்கி முதுகு அடிபட எறிவார்கள் என்று பேசிவைத்திருக்கிறார்கள்.

லக்‌ஷனின் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இரண்டு தரம் வாய் எடுத்தேன். கடையில் கல்லாவுக்கு மேலே பெல்ற்றோடு மூன்று பேரும் நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார். நான் சொல்லி, அவர் யோசித்துவிட்டு "ஒரு ஆட்டம்தானே கலா" என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்ட பிறகு என்னால் அவரோடு வாழ ஏலாது. அவர் அப்படிச் சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை பின்னேரம் அஷ்வின் கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். நான் பகிடி போலக் கேட்டேன், சனிக்கிழமை நீ விழக்கூடாதோ என்று. அவன் சிரித்தான். "நான் விழுந்தா ஃபிரிஜ் விழுந்த மாதிரி இருக்கும் அன்ரி. சனம் சிரிக்கும்" என்றான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினான். "ஏன் அன்ரி? நீங்க சொன்னா விழுறன். டெறிக்கோட நான் கதைக்கிறன்" என்றான். காரணம் கூடக் கேட்கவில்லை.

யசோ, அந்த நிமிடம் என்னால் "ஓம்" என்று சொல்லியிருக்க முடியும். அந்தச் சொல் வாய்க்குள் வந்துவிட்டது. மூன்று வருடமாக என் கையால் சாப்பிடுகிற பிள்ளை. அந்த உயரத்திலிருந்து ஒரு நாளும் விழுந்து பழகாதவன். என் பிள்ளையின் கழுத்துக்குப் பதிலாக உன் பிள்ளையின் கழுத்தை வைக்க இருந்தேன். "பகிடிக்குக் கேட்டனான், கழுவி முடி" என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு போடும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனில் உன் குரலையும் கேட்க முடியவில்லை. நேற்று நீ எடுத்தபோது வேண்டுமென்றுதான் பதில் சொல்லாமல் விட்டேன்.

இரவுகளில் இந்த வீட்டில் அப்பாவும் மகனும் அஷ்வினும் நித்திரை கொள்ளுகிற சத்தம் கேட்கும். நான் மட்டும் விழித்திருந்து யோசிப்பேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் என் பிள்ளை எனக்கு மிஞ்ச மாட்டான் என்றே முடிகிறது. பேசாமல் இருந்தால் அவனைத் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவேன். பேசினால் அவன் என் முகத்தில் முழிக்க மாட்டான்.

ஆஸ்பத்திரிக் கார்பார்க்கில் அவன் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். இந்த நாட்டில் பிறந்தவன், கோயிலில் தேங்காய் உடைக்கும்போதும் சிரிக்கிறவன். அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்கு உண்டு என்று தெரிந்துதான் செய்தான். தலையில் வைத்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மீறாமல் இருந்தாலும் கேடு அந்தத் தலைக்குத்தான். இதை எந்தச் சாமியிடம் கேட்பது?

நீ இதை வாசிக்கும்போது அஷ்வின் உனக்குப் போன் எடுத்திருப்பான். என்னைத் திட்டுவான். திட்டட்டும், தடுக்காதே. ஜப்பான் போகவிருந்த பிள்ளை. அவனும் தர்சிகனும் ஒரு குற்றமும் செய்யாமல் இழக்கப் போகிறார்கள். நீயும் என்னைத் திட்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். லக்‌ஷன் இந்த வீட்டை விட்டுப் போனால் உன்னிடம்தான் வருவான், அவனுக்கு வேறு இடம் தெரியாது. வந்தால் கதவைத் திற. எனக்காகப் பரிந்து பேசாதே. என் பெயரே எடுக்காதே. சாப்பாடு போட்டால் கரண்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள், நீ பார்த்தால் சாப்பிட மாட்டான். ஒப்பரேசன் திகதிக்கு மட்டும் எப்படியாவது அனுப்பிவிடு. நான் வாசலில் நிற்கக் கூடாது என்றால் நிற்க மாட்டேன்.

நாளை வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். ஹவுன்ஸ்லோவுக்குப் போய் டெறிக்கிடம் என் பிள்ளையின் கழுத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். தோள் முறிந்தவனுக்குப் பிறகு அவர் காயத்தோடு ஒருவரையும் மேடையில் ஏற விடுவதில்லையாம், ஒரு சொல் போதும். இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

உன் பிள்ளையும் என் பிள்ளையும் எங்கே இருந்தாலும் கை கால் அசைந்து நடமாட வேண்டும்.

உன் கோபத்துக்கும் உரியவளாக,
கலாவதி