மார்கழி மண்டபத்தில் ஒரு விமானம்

மார்கழி 14, ஞாயிறு

பனி. ராஜபாளையத்தில் மலையே தெரியவில்லை. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கும், காற்றும் அசையாது. ரப்பர் முறுக்கில் பறக்கிற என் குட்டி விமானத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது.

மண்டப மேனேஜர் வசந்தா சாவியோடு நின்றார். என் வயதுதான் இருக்கும். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் கதவு திறந்துவிடுகிறவர், தனக்கு இன்னும் ஆகவில்லை. எனக்கும்தான். ஃபேனையெல்லாம் நிறுத்தச் சொன்னேன். ஆள் நடந்தாலே காற்று கலங்கும், விமானம் தடுமாறும் என்றேன்.

"அப்ப நான் எங்க போக?"

"அப்படியே நில்லுங்க. அது எறங்குற வரைக்கும்."

நின்றார். என் பக்கத்தில். விமானம் மூக்கைத் தூக்கியது, திணறியது, விழுந்தது. அவர் பாத்திர அறைக்குப் போய்விட்டார்.

மார்கழி 18, வியாழன்

மில்லில் மோட்டார் ரிப்பேர். கை இங்கே, மனசு மண்டபத்தில். ஞாயிற்றுக்குள் செய்ய வேண்டியது: மூக்கில் கடுகளவு களிமண். வாலைச் சற்றுச் சாய்க்க, இடப்பக்கம் வட்டம் போடும். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. (விமானத்துக்குச் சம்பந்தமில்லை.)

மார்கழி 21, ஞாயிறு

வட்டம் சரி. ரப்பர்தான் தடிமன். விருட்டென்று ஏறி, போன கல்யாணத்துப் பலூனில் முட்டியது. வ. வாய்விட்டுச் சிரித்தார்.

வாட்ச்மேன்: "அண்ணாச்சி, ஏரோப்ளேன் திருச்செந்தூர் போகுமா?"

வ. அவரை அதட்டினார். "செத்த நேரம் அசையாம நில்லும்யா!"

என் விமானத்துக்காக இன்னொருவரை அதட்டுகிறார்!

உண்மையை இங்கேயாவது எழுதலாம். எனக்கு உயரம் வேண்டாம், போட்டி வேண்டாம். பறக்கும் நேரம் நீள வேண்டும். அது மேலே இருக்கும்வரை அவர் என் பக்கத்தில் நிற்பார். அவ்வளவுதான் ஆசை.

மார்கழி 24, புதன்

மெல்லிய ரப்பர், இன்னும் நீளமாக. விளக்கெண்ணெய் தடவியாயிற்று. முழுக்க முறுக்கியபின் கொஞ்சம் திருப்பித் தளர்த்தினால்தான் நிதானமாக ஏறும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

அக்கா போனில்: "ஏலே, ஞாயித்துக்கிழமையானா எங்கலே போற?" வேலை என்றேன். நம்பவில்லை.

மார்கழி 28, ஞாயிறு

என்ன ஒரு பறப்பு! மெதுவாக, பெரிய வட்டமாக. கூரைக்கு ஒரு முழம் கீழே வரை ஏறி அங்கேயே சுற்றியது. வ. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். தலையில் கனகாம்பரம். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு. வாய் திறந்தால் காற்று அசையுமே என்று நின்றேன். அது இறங்கியே விட்டது.

"தையில ஒரு முகூர்த்தமும் பாக்கி இல்ல. இனி ஆடியிலதான் மண்டபம் சும்மா கெடக்கும்" என்றார் வ. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்புட்டு நாள் காத்துக்கிட்டு இருப்பீகளா?"

"ஓ, இருப்பேனே. அதுக்குள்ள இன்னும் மெல்லிசா ரப்பர் வாங்கிருவேன்" என்றேன்.

முகம் வாடிவிட்டது. எனக்கு ஏனென்று புரியவில்லை. பஸ் ராஜபாளையத்துக்குள் நுழையும்போதுதான் உறைத்தது. அவர் கேட்டது விமானத்தைப் பற்றி அல்ல. மடையன். மடையன்.

தை 1, செவ்வாய்

பொங்கல். அக்கா வீட்டில் சாப்பாடு. போனை எடுத்தேன், வைத்தேன். போனில் சொல்கிற காரியமா இது.

தை 5, சனி

வெயில். பெட்டி எடுக்கவில்லை. வெறுங்கையோடு ஸ்ரீவி. போனேன். நாளை முதல் கல்யாணம். வாசலில் வாழைமரம் கட்டுகிறார்கள், உள்ளே நாற்காலி இழுக்கிறார்கள், ஃபேன் அத்தனையும் கடகடவென்று ஓடுகிறது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வ. மேடையோரம் நின்றார். நேராகப் போய்க் கத்தினேன்.

"ஆடி வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது!"

பந்தல்காரர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார். வ. காதோரப் பூவைச் சரிசெய்துகொண்டார்.

"அதுக்கு ஏன் இப்படிக் கத்துறீக? பக்கத்துலதான நிக்கேன்."