விஷயம் என்றுதான் சொன்னார்கள்

இது யார் கையில் கிடைத்தாலும் யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றே போடுவாள்.

12.7.2004
ஜெர்சி அக்காவுக்கு டைபாய்டு. லீவு போட்டால் வேலை போய்விடும். அதனால் பக்கத்து ரூமில் வாடகைக்கு இருக்கும் வேல்விழி அக்கா இவளுடைய அடையாள கார்டை மாட்டிக்கொண்டு ஒரகடம் கம்பெனிக்குப் போகிறாள். எல்லோரும் செய்வதுதான். போட்டோவை யார் பார்க்கிறார்கள்? "காய்ச்சல் உங்கக்காவுக்கு, இடுப்பு ஒடியுறது எனக்கா?" என்று சிரித்தாள்.

15.7.2004
வேல்விழி அக்கா ஆஸ்பத்திரியில். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒரு விஷயம் ஆயிப்போச்சு. போய்ப் படி" என்றாள் அம்மா.

16.7.2004
ஜெர்சி அக்காதான் அழுதுகொண்டே சொன்னாள். பிரஸ் மெஷின். வலது கையில் நாலு விரல்.

சாயங்காலம் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ரகுபதி அம்மாவைப் பார்க்க வந்தார். "கார்டுல இன்னா பேரு கீது? ஜெர்சி. ஜெர்சி கை நல்லாத்தான கீது? அப்ப கம்பெனில ஒண்ணும் நடக்கல. அந்தப் பொண்ணோட அப்பன் வந்தா ஊட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடும்மா. மேட்டர் அதோட முடிஞ்சிடும். ஒம் பொண்ணு வேல நிக்கும்."

நாலு விரல். மேட்டர்.

19.7.2004
கட்டுரை நோட்டில் நான் 'ஒரு விஷயம்' என்று எழுதிய இடத்தில் தமிழ் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: எந்த விஷயம்?

20.7.2004
வேல்விழி அக்காவின் அப்பா அய்யாத்துரை கோவில்பட்டியிலிருந்து வந்தார். "கிரைண்டர்ல ஒரு சமாச்சாரம் ஆயிட்சுண்ணே" என்றாள் அம்மா. அவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் கிரைண்டரே கிடையாது.

என்னிடம் வந்தார். "எம்மவ பிரஸ்சுங்கா. கம்பெனிக்காரன் அவ உள்ளயே வரலங்கான். நீ சொல்லு தாயி, என்ன நடந்துச்சு?"

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏதோ ஒரு விஷயம், மாமா. எனக்குச் சரியாத் தெரியாது."

ராத்திரி அம்மா எனக்கு மட்டும் முட்டை பொரித்தாள். சாப்பிட்டேன்.

25.7.2004
அய்யாத்துரை மாமா மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ரூம் காலி.

அக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளையிலருந்து ஒனக்கு ஒரு வேலை கீது. ஸ்கூல்ல நான் சொல்லிக்கிறேன்." என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கார்டைத் துடைத்து ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

26.7.2004
இன்னும் விடியவில்லை. வேன் வருவதற்குள் எழுதிவிட வேண்டும். எழுதுகிற கை இருக்கும்போதே. விஷயம் இல்லை, மேட்டர் இல்லை. பிரஸ் மெஷின். வேல்விழி. வலது கை. நாலு விரல். கார்டு ஜெர்சியுடையது. இன்றைக்கு அதை மாட்டிக்கொண்டு போகிறவள் பெயர்—

கதவைத் தட்டுகிற—