தண்ணீர் கேட்ட இடம்

அக்கா,

இன்று காலை லிஃப்ட் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரோ வாளியில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். நெடி மூக்கில் ஏறியதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். உன் நினைவு வந்துவிட்டது.

பொம்மனஹள்ளியில் இதே கட்டடத்துக்குத்தான் நாம் இருவரும் சித்தாளாகக் கல் சுமந்தோம். ஊரடங்கில் வேலை நின்றது, தகரக் கொட்டகையில் அரிசியும் தீர்ந்தது. ஊருக்குப் போகிறோம் என்றதும் சூப்பர்வைசர் கேட்டைப் பூட்டினான்.

"விட்டா திரும்பி வரமாட்டீங்க. அப்புறம் ஆளுக்கு நான் எங்க போறது?"

"நாங்க என்னா மாடா, கட்டிப்போட?" என்று நீ சம்மட்டியைத் தூக்கினாய். ஒரே போடில் பூட்டு தெறித்தது. அவன் தள்ளி நின்றுகொண்டான்.

பஸ் எதுவும் ஓடவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களோடு ஓசூர் ரோட்டில் நடந்தோம். நல்ல வெயில். ஒரு கம்பெனி வாசலில் குழாயைப் பார்த்து நீ ஓடினாய். "கிட்ட வராதீங்கம்மா, நோய் ஒட்டிக்கும்" என்று வாட்ச்மேன் கம்பை நீட்டினான்.

மாநில எல்லையில் போலீஸார் தடுத்து, எல்லோரையும் தார் ரோட்டிலேயே உட்கார வைத்தார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க சார்."

"கூத்கோ, கூத்கோ" என்று ஒரு போலீஸ்காரர் உன்னைக் கன்னடத்தில் அதட்டி உட்கார வைத்தார்.

பிறகு ஒரு டேங்கர் வந்தது. குடிக்கத்தான் என்று நினைத்து, காலி பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டு எழுந்தாய். வந்தது பிளீச்சிங் தண்ணீர். செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதுபோல நம் தலைமேல் அடித்தார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டே சரிந்தாய்.

"வெயில் தாங்கல போல. இவங்கள யாரு நடக்கச் சொன்னா?" என்றார் ஓர் அதிகாரி, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு. அப்போது உன் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இல்லை.

யார் நடக்கச் சொன்னார்கள் என்று அவருக்கா தெரியாது?

இப்போது இங்கே குடும்பங்கள் குடியிருக்கின்றன. வராந்தா துடைப்பது என் வேலை. போன வாரம் ஒரு வீட்டம்மா கேட்டார்: "உன்கூட வேலை செஞ்ச ஒருத்தங்க கொரோனாவுல போயிட்டாங்களாமே?"

தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். என்னால் முடியவில்லை, அக்கா. இனி யார் கேட்டாலும் அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் சொல்வேன்.

"இல்லம்மா. அவங்களுக்கு ஒரு நோயும் இல்ல. தண்ணி கேட்டாங்க. யாரும் குடுக்கல."